நூறு ஆண்டைத் தாண்டுமா நம் காலத்துக் கலை?

ஈரோட்டுக்குத் தெற்கே, அரச்சலூரை ஒட்டிய நாகமலைக் குகையில் த, தை, தா, தே என்னும் சொற்கட்டுகள் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைகளில் வெட்டப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றுபோலவே வரும்படி அமைந்த அந்தக் கட்டத்தின் அருகில், எழுத்துகளைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் இருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு ஆய்வாளர்கள் இதைக் கி.பி. முதல் நான்கு நூற்றாண்டுகளுக்குள் வைக்கின்றனர். வெட்டிய எழுத்து இன்றும் படிக்கும் நிலையில் உள்ளது. ஆனால் அதை எந்த வேகத்தில் சொன்னார்கள், உடன் எந்தக் கருவி முழங்கியது, எந்தப் பாதம் அதற்கு ஆடியது என்பதெல்லாம் போய்விட்டன. நவீன ஓவியமும் இசையும் கட்டடமும் காலத்தைக் கடந்து நிற்குமா என்று கேட்பவர்கள், ஒரு படைப்பில் எது நின்றால் அது நின்றதாகக் கொள்வோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு அரச்சலூரை விடப் பொருத்தமான சான்று கொங்கு நாட்டில் இல்லை.

இந்தக் கேள்வி இங்கே பெரும்பாலும் ஒரு ஒப்பீடாகவே எழுப்பப்படுகிறது. ஒருபுறம் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கனகசபையையும் தாரமங்கலத்துக் கற்சிற்பங்களையும் நிறுத்தி, மறுபுறம் அவிநாசி சாலையின் கண்ணாடி முகப்புக் கட்டடங்களை நிறுத்தி, அந்தக் காலத்தில் கட்டியதுபோல் இன்று யாரால் கட்ட முடிகிறது என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருந்தாலும் ஒப்பீட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தக் காலம் கட்டியதில் மிகச் சிறிய பகுதியைத்தான் நாம் பார்க்கிறோம். சோழர் காலத்துக் கொங்கில் எழுந்த மண் வீடுகள், பனையோலைக் கூரைகள், மரவேலைகள், துணியில் தீட்டிய படங்கள், களத்திலும் காட்டிலும் பாடிய பாட்டுகள் ஆகியவற்றில் ஒன்றுகூட அப்படியே நம் கைக்கு வரவில்லை. எஞ்சிய சிலவற்றைப் பழமையின் சராசரியாக எடுத்துக்கொண்டு, நம் காலத்தின் நல்லதையும் கெட்டதையும் கலந்த மொத்தக் குவியலோடு அவற்றை ஒப்பிட்டால், தோற்கப்போவது எப்போதும் நம் காலமாகத்தான் இருக்கும்.

தரம் இருந்தால் தானாக நிற்கும் என்ற நம்பிக்கைக்கும் கொங்கிலேயே மறுப்பு உண்டு. விசயமங்கலத்தோடு தொடர்புடைய கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை தமிழின் பெரிய காப்பியங்களுள் ஒன்று. அதற்கு மூலமான பைசாச மொழி நூல் இன்று கிடைப்பதில்லை. தமிழ் நூலையும் உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்தது தலையும் வாலும் இல்லாத ஏடுதான். முதற் பகுதியும் முடிவும் தொலைந்துபோனதற்கு அவற்றின் கவித்திறம் குறைவு என்பது காரணமாக இருக்க முடியாது. ஓலைச்சுவடியைச் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாராவது புதிதாகப் படியெடுக்க வேண்டும், எடுக்காத பகுதியைப் பூச்சி தின்றுவிடும். சமணம் இப்பகுதியில் செல்வாக்கு இழந்த நூற்றாண்டுகளில் படியெடுப்பதற்கான ஆளும் தேவையும் குறைந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பது தவறாகாது. விசயமங்கலத்தில் கல்லால் எழுந்த சமணக் கோயில் இன்றும் நிற்கிறது, ஏடுகளில் வாழ்ந்த காப்பியமோ குறைப்பட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

இரசனையின் தீர்ப்பைக் காலத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதும் நம்பத்தக்க வழியன்று. பேரூர்க் கனகசபையே 17ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் காலத்தில், அன்றைய புதிய பாணியில் எழுந்தது. கற்சங்கிலியும் ஆளுயரச் சிற்பத் தூண்களும் அந்தப் பாணியின் அடையாளங்கள். 20ஆம் நூற்றாண்டின் கலை வரலாற்றாசிரியர்கள் சிலர், சோழர் காலத்து அடக்கத்தோடு ஒப்பிட்டு, நாயக்கர் காலத்தைச் சரிவுக் காலமென்றே எழுதினர். இன்று பேரூருக்குச் செல்பவர் எவரும் அப்படி நினைப்பதில்லை. 1887இல் ஈபிள் கோபுரத்தின் கட்டுமானம் தொடங்கியபோது பாரீசின் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடி எதிர்ப்பு அறிக்கை விட்டனர். 20 ஆண்டுகளில் பிரித்தெடுக்கப்படவிருந்த அந்தக் கோபுரத்தைக் காப்பாற்றியது அதன் அழகைப் பற்றிய மனமாற்றத்தை விட, கம்பியில்லாத் தந்திக்கு அதன் உயரம் பயன்பட்டது என்னும் நடைமுறைக் காரணமே. 1913இல் அதே பாரீசில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு என்னும் பாலே முதன்முதலில் அரங்கேறிய இரவில் கூச்சலும் கலகமுமாக இருந்தது. இன்று உலகின் பெரிய இசைக்குழுக்கள் அதை வழக்கமாக வாசிக்கின்றன. கேட்பவரின் காது இரண்டு தலைமுறைகளில் பழகிவிடலாம், பழகாமலும் போகலாம். முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. எனவே இரசனையை ஒருபுறம் வைத்துவிட்டு, கணக்கிடக்கூடிய இரண்டைப் பார்ப்பது பயனுள்ளது என்பது என் கருத்து: படைப்பு எந்தப் பொருளால் ஆனது, அதைப் பேணும் கடமை யாருடையது.

பொருளில் தொடங்கினால் கட்டடமே முதலில் வரும். கருங்கல் கோயிலில் ஒவ்வொரு கல்லும் தன் கீழுள்ள கல்லை அழுத்துகிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது என்பதால் பழைய கட்டடக் கலை முழுவதும் இழுப்பு விசை எங்கும் அதிகமாகாதபடி தூண்களை நெருக்கியும் உத்திரங்களைக் குறுக்கியும் அமைத்தது. கொங்கின் தொட்டிக்கட்டு வீடுகளில் பயன்பட்ட சுண்ணாம்புக் காரையும், அதில் சேர்த்த கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் அதே முறையின் தொடர்ச்சி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. ஆண்டு செல்லச் செல்ல அது இறுகுமே தவிர இளகுவதில்லை.

கம்பி கட்டிய கான்கிரீட் இதற்கு நேர்மாறான ஒப்பந்தத்தில் நிற்கிறது. இழுப்பைக் கம்பி தாங்குகிறது, அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்குகிறது. நீண்ட உத்திரம், மெல்லிய தளம், முன்னே நீட்டிய மாடம் என நவீனக் கட்டடக் கலையின் முகவெட்டு முழுவதும் இந்தக் கூட்டணியால் கிடைத்தது. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்பை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் வைக்கிறது. சுண்ணாம்பை இறுக வைத்த அதே கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெல்லப் புகுந்து காரத்தைக் குறைக்கிறது. காரம் குறைந்த பகுதியின் விளிம்பு கம்பியை எட்டியதும் காப்பு நீங்கிவிடும், ஈரம் கிடைத்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு தான் தின்ற இரும்பைப் போல் பல மடங்கு இடம் கேட்பதால் உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பழைய மாடி வீடுகளில் தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதைப் பார்த்திருக்கும் எவருக்கும் இது புதிதன்று.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வாயு புகும் ஆழம் காலத்தின் இருபடி மூலத்தை ஒட்டி வளர்கிறது. பத்து ஆண்டுகளில் 5 மில்லிமீட்டர் புகுந்தால் நாற்பது ஆண்டுகளில் 10, நூற்று அறுபது ஆண்டுகளில் 20 என்றாகும். ஆகவே கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் கனம் இருமடங்கானால் கிடைக்கும் காலம் நான்கு மடங்காகும். கனம் பாதியானால் காலம் கால் பங்காகிவிடும். இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456 விதி, மிதமான சுற்றுச்சூழலுக்கு 30 மில்லிமீட்டரும் கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டரும் குறைந்த அளவாகக் கேட்கிறது. கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் நழுவியதாலோ, கான்கிரீட்டுக்குப் போதிய நாள் தண்ணீர் ஊற்றாததாலோ அந்த அளவும் தரமும் குறைந்தால், வரைபடத்தில் நூறு ஆண்டாக இருந்த ஆயுள் களத்தில் முப்பதாகச் சுருங்கிவிடும். கொங்கு கடலிலிருந்து தள்ளியிருப்பதால் சென்னைக் கட்டடங்களை அரிக்கும் உப்புக் காற்று இங்கு இல்லை என்பது நமக்குச் சாதகம். ஆனால் இந்த வாயு மிக விரைவாகப் புகுவது நடுத்தர ஈரப்பதத்தில், அதாவது ஏறத்தாழ 50 முதல் 70 விழுக்காட்டில் என்பதையும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நம் காற்று ஆண்டின் கணிசமான நாள்களில் அந்த அளவை ஒட்டியே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சாதகம் முழுமையானதன்று.

போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824இல், கம்பியோடு சேர்த்த கான்கிரீட்டுக்கு ஜோசப் மோனியே பெற்றது 1867இல். கோவைக்கு அருகே மதுக்கரையில் சிமென்டு ஆலை வந்தது 1930களில். ஆக, கல் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பதற்குக் கண்முன் சான்று இருக்கிறது, கம்பிக் கான்கிரீட் இருநூறு ஆண்டு நிற்கும் என்பதற்கு உலகில் எங்குமே சான்று இருக்க வாய்ப்பில்லை. வெள்ளியங்கிரி மலையடிவாரத்து ஈஷா வளாகத்தில் இந்த இரு போக்குகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 1999இல் பிரதிட்டை செய்யப்பட்ட தியானலிங்கத்தின் செங்கல் குவிமாடம் எஃகுக் கம்பியும் சிமென்டும் இல்லாமல் கட்டப்பட்டதாக அதைக் கட்டியோர் சொல்கின்றனர். 2017இல் திறக்கப்பட்ட 112 அடி ஆதியோகி உருவம் எஃகால் ஆனது. எது அதிகம் கவர்கிறது என்பது பார்ப்பவர் விருப்பம். மேற்பூச்சும் பற்றவைப்பும் தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டிய கடப்பாடு எதற்கு அதிகம் என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் இரண்டாவது கேள்வி, பேணும் கடமை பற்றியது, முன்னே வருகிறது. கோயில்கள் கல்லால் மட்டும் நிற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்னும் வழக்கம் இருப்பதால், கோபுரத்துச் சுதை பழுது பார்க்கப்படுகிறது, விரிசலில் முளைத்த அரசங்கன்று பிடுங்கப்படுகிறது, தளவரிசை சீராகிறது. சில திருப்பணிகள் பழைய சுதையின் நுட்பத்தைப் பளிச்சென்ற எனாமல் வண்ணத்தில் மூழ்கடித்துவிடுகின்றன என்ற குறை உண்மையானது, அதை இங்கே விரிக்கவில்லை. கட்டடம் கவனிக்கப்பட வேண்டிய நாள் யாருடைய முனைப்பும் இல்லாமலே வந்துவிடுகிறது என்பதுதான் முக்கியம். நவீனக் கட்டடத்துக்கு அப்படி ஒரு நாள்காட்டி இல்லை. வசதியுள்ள நாடுகளிலும் நிலைமை இதுவே. 1977இல் திறந்த பாரீசின் பொம்பிது மையம் ஏற்கெனவே ஒருமுறை பெரும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு, 2025இல் மீண்டும் பல ஆண்டுகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்குள் இரண்டு பெரிய திருப்பணிகளுக்குப் பணமும் மனமும் இருப்பவர்களால்தான் அத்தகைய கட்டடத்தை வைத்திருக்க முடியும். கோவையில் 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலைக்குப் பின் எழுந்த மில்களில் ஓட்டம் நின்றவற்றின் கதி, நிலத்தின் விலை எவ்வளவு என்பதைப் பொறுத்தே முடிவாகி வருகிறது. லட்சுமி மில் வளாகத்தில் போல் புதிய வணிகப் பயன் கிடைத்த இடங்கள் சில, அடுக்குமாடிக்காகத் தரைமட்டமானவை பல.

ஓவியத்தில் பொருளின் சிக்கல் இன்னும் கூர்மையானது. கோவைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய குமிட்டிபதி மலைக் குகையில் யானையும் மனிதரும் வெண்ணிறத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. வரலாற்றுக்கு முந்தைய காலத்தவையாகக் கருதப்படும் அவை இன்று வரை தெரிவதற்குக் காரணம், வெண்மண்ணும் பாறையும் வெயிலால் நிறம் மாறாதவை என்பதும், குகையின் நெற்றி மழையைத் தடுக்கிறது என்பதும். அவற்றுக்கு நேர்ந்த சேதத்தில் பெரும்பங்கு மேலேறிப் பெயர் கிறுக்கியவர்களால் வந்தது. உக்கடத்துக் குடியிருப்புகளின் பல மாடிச் சுவர்களில் அண்மையில் தீட்டப்பட்ட பெரிய ஓவியங்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நேர் வெயிலில் நிற்கும் அக்ரிலிக் பூச்சில் கரிம நிறமிகள், குறிப்பாகச் சிவப்பும் மஞ்சளும், முதலில் வெளிறும். சுவருக்கு மறுமுறை வெள்ளையடிக்கும் ஒப்பந்தக்காரருக்கு ஓவியத்தைக் காக்கும் கடமையும் இல்லை. நிலையாமை தெரிந்தே செய்யப்பட்ட கலை அது என்பதால் இதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

நிலைக்க வேண்டும் என்று நினைத்துத் தீட்டியவையே வெளிறிய கதைதான் வருத்தத்துக்குரியது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 1960களின் தொடக்கத்தில் தீட்டிய பெரிய ஓவியங்களில் லித்தால் சிவப்பு என்னும் மலிவான நிறமி இருந்தது. மாடி உணவுக்கூடத்துச் சன்னல் வெளிச்சத்தில் செம்மை வெளிறி நீலம்பாரித்துப்போக, 1979இல் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டனர். 2014இல், துணியைத் தொடாமல், இழந்த நிறத்தை மட்டும் ஈடுசெய்யும் ஒளியை மேலிருந்து பாய்ச்சி மீண்டும் காட்சிக்கு வைத்தனர். விளக்கை அணைத்தால் பழைய ஓவியம் மறைந்துவிடும். அது நிலைத்திருக்கிறதா இல்லையா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடலாம்.

நம் ஊர்களில் இதைவிட முழுமையாக மறைந்தது சினிமா பேனர். கட்டம் போட்டு, சாரம் கட்டி, திரையரங்கின் உயரத்துக்கு நாயகன் முகத்தைத் தீட்டிய ஓவியர்களின் தொழில் 2000களில் பிளெக்ஸ் அச்சு வந்ததும் சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பழைய துணியின் மேலேயே புதியதைத் தீட்டியதால், அந்தக் கலையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகள் அடுத்த வெள்ளிக்கிழமைப் படத்தின் அடியில் புதைந்துபோயின. எஞ்சியவை பெரும்பாலும் புகைப்படங்களே.

இசைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது, ஏனெனில் இசைக்குத் தனியாக ஒரு பொருளே இல்லை, பாடுபவரே பொருள். தேவராய சுவாமிகள் இயற்றிய கந்தர் சஷ்டி கவசம் 19ஆம் நூற்றாண்டு நூல். தேவாரத்தோடு ஒப்பிட்டால் நவீன காலத்துக்கே நெருக்கமானது. அதில் வரும் சிரகிரி சென்னிமலையே என்றும், கவசம் அங்கேதான் அரங்கேறியது என்றும் கொங்கில் வழங்குகிறது. இலக்கியத் தராசில் திருப்புகழுக்கு நிகராக அதை எவரும் வைப்பதில்லை. ஆயினும் சஷ்டி நாளிலும் நோய் வந்த வீட்டிலும் அதற்கு ஒரு வேலை இருப்பதால் நிலைத்துவிட்டது. இன்னொன்றும் நடந்தது. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய இசைத்தட்டு பரவிய பின், அவர்கள் பாடிய மெட்டே கவசத்தின் மெட்டு என்று ஆகிவிட்டது. அதற்கு முன் ஊருக்கு ஊர் எப்படிப் பாடினார்கள் என்பதை இன்று மீட்பது கடினம். ஒலிப்பதிவு ஒன்றை நிலைக்க வைக்கும்போது மற்றவற்றை அழித்தும் விடுகிறது.

அண்ணன்மார் கதை இதே சிக்கலின் மறுபக்கம். உடுக்கையடித்து இரவு முழுக்க, பல இரவுகள் பாடப்படும் பொன்னர் சங்கர் கதை பாடகருக்குப் பாடகர், ஊருக்கு ஊர் மாறும். கேட்கும் கூட்டத்தின் குலமும் மனமும் அறிந்து பாடகர் நீட்டுவார், குறுக்குவார். அந்த நெகிழ்வே அதை நூற்றாண்டுகளாக உயிரோடு வைத்தது. 1960களில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பகுதியில் ஒரு முழுப் பாடலை நாடாவில் பதிந்து, பின்னர் அச்சிலும் கொண்டுவந்தார். நாடாவில் இருப்பது மாறாமல் நிற்கும், களத்தில் இருப்பது மாறிக்கொண்டே நிற்கும். படுகளம் விழுந்து எழும் சடங்கு நடக்கும் வரை களத்தில் பாட்டும் இருக்கும். சடங்கு நின்றால் நாடாதான் மிச்சம். வள்ளிக்கும்மி இதற்கு ஆறுதலான எடுத்துக்காட்டு. அருகிவிடும் என்று அஞ்சப்பட்ட அந்த ஆட்டம், 2024இல் பத்மஸ்ரீ பெற்ற மேட்டுப்பாளையம் வட்டாரத்து பத்ரப்பன் போன்ற ஆசான்களாலும், பெண்கள் களத்துக்கு வந்ததாலும், ஒலிபெருக்கியும் சீருடையுமாக உருமாறிப் பரவியிருக்கிறது. பழைய வடிவம் அப்படியே இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அப்படியே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தால் ஆட்டமே இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதிவையே உடலாகக் கொண்ட கலைக்கு இந்த வழி கிடையாது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் இன்று கிடைப்பதில்லை. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது, எளிதில் தீப்பற்றும், தானாகவும் சிதையும். ஓடி முடிந்த சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பது இலாபமாகவும் இருந்தது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியது 1964இல்தான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த சேலம் மாடர்ன் தியேட்டர்சின் இடத்தில் ஏற்காடு சாலையோரம் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் அரங்கின் பெயரைச் சாலை சுமக்கிறது. இன்றைய இசையும் இதே ஆபத்தில்தான் இருக்கிறது. கணினியில் நூறு ஒலித்தடங்களாகச் சேர்த்த பாட்டின் மூலக் கோப்பு, அதைத் திறக்கும் மென்பொருள் பதிப்பு மாறியதும் திறக்காமல் போகலாம். நைட்ரேட் சுருள் நாற்றத்தாலும் பொடியாலும் எச்சரிக்கை தந்தது. கோப்பு அப்படி எதுவும் தருவதில்லை.

கட்டடத்தில் இத்தனை உதவியற்ற நிலை இல்லை, ஆனால் சட்டம் காலம் தாழ்த்தி வருகிறது. தொல்லியல் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறு ஆண்டு பழமையை எதிர்பார்க்கிறது. தில்லியில் ராஜ் ரேவால் வடிவமைத்து 1972இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கண்காட்சி அரங்கம், உலகின் குறிப்பிடத்தக்க கான்கிரீட் கட்டமைப்புகளுள் ஒன்றாக இருந்தும், மரபுக் கட்டடமாகக் கருத வயது போதாது என்ற வாதத்தின் நடுவே 2017 ஏப்ரலில் ஓரிரவில் இடிக்கப்பட்டது. கம்பிக் கான்கிரீட்டுக்கு ஆபத்தான வயது நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் வருகிறது. கோவையிலோ சேலத்திலோ 1960களில் எழுந்த கல்லூரிக் கட்டடமும் நூலகமும் திரையரங்கும் அந்த வயதில் இப்போது நிற்கின்றன, சட்டத்தின் கண்ணில் அவை பட 2060கள் ஆக வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் செய்யக்கூடியது எளிது. துளையிட்ட கான்கிரீட்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும், கரியமில வாயு புகுந்த பகுதி நிறம் மாறாது. அந்த ஆழத்தைக் கம்பி இருக்கும் ஆழத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டடத்துக்கு எத்தனை ஆண்டு கையில் இருக்கிறது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். கட்டடப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளுக்குக் கொங்கு நாட்டில் குறைவில்லை. வட்டத்துக்கு ஒன்றாகப் பட்டியலிட்டு, பழைய வரைபடங்களையும் தேடிச் சேர்த்து, இறுதியாண்டு மாணவர்களின் திட்டப்பணியாகவே இதைச் செய்து முடிக்க முடியும்.